மலைக்கும் கடலுக்கும் ஒரு குடும்பப் பயணம்



ஆகஸ்டு மாதம் பாதி கழிந்ததும் தோட்டப்புற வீடுகளில் ஒரு கேள்வி எழும். "இந்த லீவுக்கு எங்கேப்பா போறோம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்பா அம்மாவைப் பார்ப்பார். அம்மா அடுப்பைப் பார்ப்பார். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று பதில் வரும். அடுத்த வருடமும் அதே பதில்தான். மூடுபனி படர்ந்த தேயிலை மலையைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். எழுபது வயதாகியும் கடலில் கால் நனைக்காத பாட்டிமார்களும் இருக்கிறார்கள்.

பணம் இல்லை என்று காரணம் சொல்கிறோம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. தைப்பூசத்திற்கு வாடகை பஸ் பிடித்துப் பத்துமலைக்குப் போகிறோம். கல்யாணம் என்றால் ஜொகூர் வரையிலும் போகிறோம். அவற்றுக்கு நாள் குறித்து, கணக்குப் பார்த்து, ஆள் சேர்த்து ஏற்பாடு செய்கிறோம். பிள்ளைகளோடு மூன்று நாள் வெளியே போய்வருவதற்கு மட்டும் அப்படி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. கடைசி வாரத்தில் நினைத்துக்கொண்டு, கிடைத்த வேனில் ஏறி, கிடைத்த இடத்தில் இறங்குகிறோம். அப்படிப் போகும்போது பணமும் கூடுதலாகப் போகிறது; சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தும் வருகிறது. ஆகவே, பயணத்தைப் பற்றி முன்கூட்டியே எதை எதை யோசிக்க வேண்டும் என்பதை இன்று பேசலாம். நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் பகாங். மலையும் கடலும் ஒரே மாநிலத்தில் அமைந்த ஊர் அது.

முதலில் நாள். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் வருடாந்திர விடுமுறை கொடுத்திருக்கிறது. ஒரே முதலாளியிடம் இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள். இரண்டாண்டு முதல் ஐந்தாண்டுக்குள் என்றால் 12 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். தொழிற்சங்க ஒப்பந்தம் இதைவிடக் கூடுதலாகத் தரலாம். குறைவாகத் தர முடியாது. இந்த விடுமுறை யாரும் கொடுக்கும் சலுகை அன்று, நாம் உழைத்துச் சேர்த்தது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு மட்டம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல், ஆண்டின் வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராமல் இருந்தால், அந்த ஆண்டின் சம்பள விடுமுறை உரிமையே போய்விடும். அங்கொரு நாள் இங்கொரு நாள் என்று மட்டம் போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போக நாள் இல்லை என்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் வினை.

அதோடு ஆகஸ்டு 31 தேசிய தினம், செப்டம்பர் 16 மலேசிய தினம். இவ்விரண்டும் அதே சட்டப்படி கட்டாயப் பொது விடுமுறைகள். இவற்றில் ஒன்றை ஓய்வு நாளோடு சேர்த்து, வருடாந்திர விடுமுறையில் ஒரு நாளோ இரண்டு நாளோ எடுத்தால் போதும். பள்ளி விடுமுறை இப்போது ஆண்டுக்கு ஆண்டு மாறி வருகிறது. ஆகையால் கல்வி அமைச்சின் நாட்காட்டியை ஆண்டுத் தொடக்கத்திலேயே வாங்கிச் சுவரில் மாட்டிவிடுவது நல்லது. செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை குலைகள் மிகுதியாகப் பழுக்கும் காலம். அந்தச் சமயத்தில் நான்கைந்து பேர் ஒன்றாக விடுமுறை கேட்டால் நிர்வாகம் முகம் சுளிக்கத்தான் செய்யும். ஜூன் மாதத்திலேயே எழுத்தில் கொடுத்துவிட்டால் மறுப்பது கடினம். கிராணியிடம் வாயால் சொல்லிவைத்தோம் என்பது போதாது.

அடுத்தது காற்று. பயணத்திற்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்லப்போனால், எந்த மாதத்தில் எந்த ஊருக்குப் போகலாம் என்பதை முடிவு செய்வதே காற்றுதான்.

நம் நாட்டில் ஆண்டுக்கு இரண்டு பருவக்காற்றுகள் வீசுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அது தென்சீனக் கடலைத் தடவிக்கொண்டு வருகிறது. வரும் வழியெல்லாம் ஈரத்தைக் குடித்துக்கொண்டு வருகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களில் அதைக் கொட்டிவிடுகிறது. 1971 ஜனவரியில் வந்த பெருவெள்ளத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2014 டிசம்பரில் வந்ததை இளையவர்களே பார்த்தார்கள். அந்த மாதங்களில் குவாந்தான் கடல் கருத்து, அலை உயர்ந்து நிற்கும். வருடக் கடைசி லீவுக்குக் கிழக்குக் கரைக்குப் போகலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் செய்யும் தவறு இதுதான்.

மே கடைசி முதல் செப்டம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. இது இந்தியப் பெருங்கடலிலிருந்து வருகிறது. ஆனால் நம்மை அடையும் முன் சுமத்ரா தீவின் மலைகளில் மோதி, ஈரத்தின் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிடுகிறது. மீதியோடு வருவதை நம்முடைய தித்திவங்சா மலைத்தொடர் மறிக்கிறது. தாய்லாந்து எல்லையிலிருந்து நெகிரி செம்பிலான் வரை ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளத்திற்கு ஓடும் அந்த மலைத்தொடர் கிழக்குக் கரைக்கு ஒரு மதில் போல நிற்கிறது. அதனால் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் குவாந்தான் பக்கம் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதே சமயத்தில் மேற்குக் கரையின் வடக்கே, கெடாவிலும் பினாங்கிலும் மழை வலுக்கத் தொடங்குகிறது. செப்டம்பரும் அக்டோபரும் அங்கே மழை மாதங்கள். லங்காவி அழகான இடம்தான். போவதற்குரிய மாதம் வேறு.

ஆகவே ஆகஸ்டு கடைசியும் செப்டம்பர் முதல் பாதியும் கிழக்குக் கரைக்கு அந்த ஆண்டின் கடைசி வாசல் என்று சொல்லலாம். அக்டோபரில் காற்று திசை மாறும். பிற்பகலில் இடியும் மின்னலும் கூடும். அதன் பிறகு வாசல் அடைபட்டுவிடும். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த வறண்ட காலத்தில்தான் சுமத்ராவில் காட்டுத்தீ மூண்டு புகைமூட்டம் வருகிறது. 1997-இலும் 2015-இலும் 2019-இலும் நாம் பட்ட பாடு தெரிந்ததே. இழைப்பு நோயுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், புறப்படும் முன் காற்றுத் தூய்மைக் குறியீட்டைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். அளவு மீறியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இனி மலை. பகாங்கில் நம்மவர்கள் அதிகம் போவது மூன்று மலைகளுக்கு: கேமரன் மலை, பிரேசர் மலை, கெந்திங் மலை. தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தாகான், 2,187 மீட்டர், பகாங்கில்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஏறப் பல நாள் காட்டில் நடக்க வேண்டும். குடும்பத்தோடு போகிற இடம் அன்று.

கெந்திங் மலையைப் பற்றி நாங்கள் அதிகம் சொல்லப்போவதில்லை. 1971-இல் அங்கே முதல் ஹோட்டல் திறந்த நாள் தொட்டு அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. குளிர் உண்டு, விளையாட்டு உண்டு. சூதாட்ட மண்டபமும் உண்டு. மூன்று நாளைக்கென்று சேர்த்த பணத்தை ஒரு மணி நேரத்தில் தொலைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கக் காசில்லாமல் இறங்கி வந்த கதைகள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு.

கேமரன் மலைக்கும் நமக்கும் உறவு வேறு. 1885-இல் அந்தப் பகுதியை நில அளவை செய்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. அங்கே போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கப்பட்டது. அந்தச் சரிவுகளில் காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும் பங்கினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர். இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டவர்களும் அங்கே வேலை செய்கிறார்கள். தேயிலைச் சரிவைப் பின்னால் வைத்துப் படம் பிடித்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், இந்தச் செய்தியையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பால்மரத் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் வளர்ந்த பிள்ளைக்கு அது வேறொருவர் ஊராகத் தெரியாது.

"மலையில ஏம்மா ரப்பர் மரம் இல்ல?" என்று கேட்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. பதில் குளிரில் இருக்கிறது. ரப்பருக்கும் செம்பனைக்கும் வெப்பம் வேண்டும். தேயிலைக்குக் குளிர்ந்த காற்றும், மழை பெய்து தங்காமல் வடிந்து ஓடும் சரிவும் வேண்டும்.

சூரியனுக்கு அருகில் போகப் போகக் குளிர்வது எப்படி? இதுவும் பிள்ளைகள் கேட்கும் கேள்விதான். சூரியன் காற்றை நேராகச் சூடாக்குவதில்லை. முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரை காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்போது, அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் அது விரிகிறது. விரியும் காற்று குளிரும். சைக்கிள் டயரின் வால்வை அழுத்திக் காற்றை வெளியே விட்டுப் பாருங்கள், விரலுக்குச் சில்லென்று இருக்கும். அதே டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. தானா ராத்தா பட்டணம் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே சமவெளியில் 32 டிகிரி என்றால் அங்கே 23 டிகிரிதான். இரவில் இன்னும் இறங்கிப் பதினைந்தை ஒட்டி வந்துவிடும்.

கேட்பதற்கு இது இதமாக இருக்கும். ஆனால் நம் வீடுகளில் கம்பளி இல்லை. மெல்லிய சட்டையோடு போய், இரவு முழுவதும் நடுங்கிக்கொண்டு, மறுநாள் காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை, பிள்ளைகளுக்குக் காலுறை, பெரியவர்களுக்குத் தலைக்குத் துண்டு, ஆளுக்கொரு போர்வை. இரண்டு மெல்லிய உடைகளுக்கு இடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும். நனைந்த துணியை உடம்பில் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். ஆகஸ்டு முடிய முடிய மலையில் பிற்பகல் மழை கூடும். ஆகையால் காலையில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, பகல் இரண்டு மணிக்குள் கூரைக்கடியில் வந்துவிடுங்கள். இருதய நோய், மூச்சுத் திணறல் உள்ள பெரியவர்களை மருத்துவமனையில் காட்டி, போகலாமா என்று கேட்டுக்கொண்டு அழைத்துப் போவது நல்லது.

மலைக்குப் போவதில் குளிரைவிடப் பெரிய கவலை சாலை. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைவுகளை எண்ணத் தொடங்கிய பிள்ளைகள் பாதியில் வாந்தியெடுத்துவிட்டு எண்ணிக்கையை மறந்துவிடுவார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். தலை சுற்றுகிறவர்களை முன் இருக்கையில் அமர்த்தித் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காது அடைத்தால் எச்சிலை விழுங்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் போதும், காது திறந்துவிடும்.

2013 ஆகஸ்டு 21-ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். இதே ஆகஸ்டு மாதம்தான். மலைச்சாலையில் ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. ஏன் என்று நம்மவர்களுக்கு விளக்குவது எளிது. இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கவிட்டு மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கிய அனுபவம் நம் பெரியவர்களுக்கு உண்டு. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரப்பர்க் கட்டை சூடேறி, தேய்ந்து, கடைசியில் பிடிக்காமல் போகும். பேருந்துக்கும் அதே கதிதான். ஓயாமல் பிரேக்கை மிதித்தால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். சிறிய கியரில் போட்டு, இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி மெதுவாக இறங்க வேண்டும். நல்ல ஓட்டுநர் அப்படித்தான் இறங்குவார்.

வண்டி பேசும்போதே கேட்க வேண்டியவை சில உண்டு. பயணிகளை ஏற்றிச் செல்ல அந்த வண்டிக்கு உரிமம் இருக்கிறதா? எத்தனை பேருக்கு இருக்கை? ஓட்டுநர் முதல் நாள் இரவு தூங்குவாரா, இல்லை வேறு சவாரி முடித்துவிட்டு நேராக வருகிறாரா? உரிமமில்லாத வேன் நூறு வெள்ளி மலிவாகக் கிடைக்கலாம். ஏதாவது நேர்ந்தால் காப்புறுதிப் பணம் கிடைக்காமல் போகவும் கூடும். பதினைந்து பேர் வண்டியில் இருபது பேரை அடைத்துக்கொண்டு, "பிள்ளைங்கதானே, மடியில உக்காந்துக்கட்டும்" என்பது நம்மிடையே உள்ள பழக்கம். இந்தப் பழக்கத்தை மலைச்சாலையில் மட்டுமாவது விட்டுவிட வேண்டும். இருக்கை வார் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுநர் வேகமாகப் போனால், "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க, நமக்கு அவசரம் இல்ல" என்று வண்டியில் மூத்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். எல்லாரும் மற்றவர் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் வண்டியில்தான் கஷ்டம்.

இப்போது கடலுக்கு இறங்குவோம். கேமரன் மலையில் பாயும் தெலோம் ஆறு ஜெலாய் ஆற்றில் சேர்கிறது. ஜெலாயும் தெம்பெலிங்கும் கூடிப் பகாங் ஆறாகிறது. பெக்கான் பக்கத்தில் அது தென்சீனக் கடலில் கலக்கிறது. தீபகற்பத்தின் மிக நீளமான ஆறு அதுதான். மலையில் கையை நனைத்த தண்ணீர் பல நாள் நடந்து அதே கடலுக்கு வருகிறது என்று சொன்னால் பிள்ளைகள் வியப்பார்கள்.

குவாந்தானில் தெலுக் செம்பெடாக் கடற்கரை பட்டணத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. மரநிழல் உண்டு, சாப்பாட்டுக் கடைகள் உண்டு. குரங்குகளும் உண்டு, கையில் பொட்டலத்தைக் காட்டினால் அது உங்களுடையது இல்லை. வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் செராத்திங். அந்தப் பக்கத்துக் கடற்கரையில் பேராமைகள் முட்டையிட வருகின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அதற்குக் காலம். ஒரு குழியில் நூறு முட்டை வரை இடும். பொரிவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். பொரிந்த குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தை நோக்கி ஓடுகின்றன. கரையில் கைவிளக்கோ கைத்தொலைபேசி விளக்கோ அடித்தால் திசை தப்பிவிடும். மீன்வளத் துறையின் ஆமை நிலையம் அங்கே இருக்கிறது. அங்குள்ளவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றித்தான் நாம் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் ஆற்றிலும் ஈயக் குட்டையிலும் குதித்துப் பழகியவர்கள். அந்தத் துணிச்சலோடு கடலில் இறங்குகிறார்கள். ஆற்றுக்கு ஒரே போக்கு. கடலுக்கு அப்படி இல்லை. அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும் தண்ணீர் எப்படியும் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? அது ஒரு குறுகிய வாய்க்கால் போன்ற வழியைப் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே ஓடும். கரையிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் வெள்ளை அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை தெரியும்; நடுவில் மட்டும் அமைதியாக, கருமையாகவோ மண் கலங்கியோ இருக்கும். "இங்கே அலையே இல்ல, இங்க குளிக்கலாம்" என்று பிள்ளைகளை இறக்குகிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் அதில் களைத்துப் போவான். அந்த ஓட்டம் ஆளைத் தண்ணீருக்குள் இழுத்து அமுக்காது, தூரத்துக்குத்தான் கொண்டுபோகும். பயப்படாமல் மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகி, அதன் பிறகு அலையோடு கரைக்கு வர வேண்டும். கரையில் இருப்பவர்கள் அண்ணன் போகிறான் என்று தம்பியும், தம்பி போகிறான் என்று அப்பாவும் வரிசையாகக் குதிக்காதீர்கள். ஒருவர் போக வேண்டிய இடத்தில் மூவர் போவது அப்படித்தான். மிதக்கக்கூடிய எதையாவது வீசுங்கள். மூடி இறுக்கிய காலித் தண்ணீர்ப் போத்தல்கள் நாலைந்தைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தால் அதுவே உதவும். உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், 999-க்கு அழையுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. புடவையோடு அலையில் நிற்பவர்கள் முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் எழுந்திருக்க முடியாது. ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கடற்கரைக்குப் போவதே குடிப்பதற்கென்று ஒரு பெட்டியைத் தனியாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணி போட்டவன் தண்ணீரில் இறங்கக் கூடாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவனிடம் கொடுக்கக் கூடாது. தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும் நேரம் முழுவதும் இரண்டு பெரியவர்கள் முறை போட்டுக் கரையில் நிற்பது என்று புறப்படும் முன்பே பேசிவைத்துவிடுங்கள். சாப்பாடு பரிமாறும் நேரத்தில்தான் எல்லாருடைய கண்ணும் இலைக்குப் போகும்.

வழியில் அருவியில் குளிப்பவர்களும் கவனிக்க வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலையில் மழை பெய்துகொண்டிருக்கும். மலாய்க்காரர்கள் "கெப்பாலா ஆயர்" என்று சொல்லும் பெருக்கு திடீரென்று இறங்கும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும் சாமான்களை எடுக்க நிற்காமல் மேலே ஏறிவிட வேண்டும்.

பணத்திற்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, ஐந்து குடும்பங்கள் சேர்ந்து போவதற்கு வண்டி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு 600 வெள்ளி. நவம்பரிலேயே தொடங்கினால் பத்து மாதத்திற்கு மாதம் 60 வெள்ளி. ஆகஸ்டில் யோசித்தால் ஒரே மாதத்தில் 600 வெள்ளி. வட்டிக்காரன் வீட்டு வாசல்தான் கதி. சேர்க்கும் பணத்தைக் கூட்டு கட்டுவதில் போடாதீர்கள். கூட்டுப் பணம் நடத்துவதை 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்துவிட்டது. எடுத்தவர் ஊரைவிட்டுப் போனால் போலீசிலும் போய் நிற்க முடியாது. வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, குடும்பத் தலைவி பெயரில் போட்டு வாருங்கள்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம். முதல் நாளுக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொண்டால் கெடாது. தேங்காய் அரைத்த சட்டினி கெட்டுவிடும். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மலையில் காய்கறி மலிவு என்று கூடை கூடையாக வாங்கி வண்டியில் அடைத்து, கடலோரத்து வெயிலில் அழுக விடுவதும் நடக்கிறது.

எந்த வழியில் போவது? பேராக்கில் இருப்பவர்கள் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போய், இரண்டு இரவு தங்கித் திரும்புவதே சரி. அங்கிருந்து ரிங்லெட், சுங்கை கோயான் வழியாக ரவுப்புக்குச் சாலை உண்டு. ஆனால் குவாந்தான் போய்ச் சேர ஒரு பகல் முழுவதும் வண்டியில் கழியும். சிறு பிள்ளைகளோடு அது வேண்டாம். சிலாங்கூர், நெகிரி செம்பிலானில் இருப்பவர்களுக்கு மலை கடல் இரண்டும் ஒரே பயணத்தில் கைகூடும். கோலகுபு பாரு வழியாகப் பிரேசர் மலை ஏறி ஓர் இரவு தங்கலாம். அங்கே ஆரவாரம் கிடையாது, பறவைகளும் மூடுபனியும்தான். பெரிய பேருந்துக்கு அந்த வளைவுகள் சிரமம், வேன்தான் வசதி. மறுநாள் காலை ரவுப், பெந்தோங் வழியாக இறங்கிக் காராக்கில் கிழக்குக் கரை நெடுஞ்சாலையைப் பிடித்தால் பிற்பகலில் குவாந்தான். அங்கே ஓர் இரவோ இரண்டு இரவோ. கோலாலம்பூரிலிருந்து குவாந்தான் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். திரும்பி வர நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறைக் கடைசி நாள் என்றால் ஆறு மணி நேரம்.

தங்கும் அறையைத் தேசிய தின வாரத்துக்கு என்றால் இரண்டு மாதம் முன்பே பேசிவிட வேண்டும். எத்தனை பேர் என்று உள்ளதைச் சொல்லிப் பேசுங்கள். நான்கு பேர் என்று சொல்லிவிட்டுப் பத்துப் பேர் பின்வாசல் வழியாக நுழைந்து, இரவு பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி வெளியேற்றப்படுவது பிள்ளைகள் முன்னிலையில் நடக்க வேண்டாம்.

கடைசி நாள் காலையில் கடலில் இன்னொரு முறை இறங்கலாம். பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வண்டி புறப்பட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். ஈரத் துணிக்குத் தனிப் பை ஒன்று வேண்டும். பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்தால், காலில் ஒட்டிய கடல் மணலைக் கழுவிவிட்டு, ஒரு ரசம் வைத்துச் சாப்பிட்டுப் படுக்கலாம். மறுநாள் விடிவதற்கு முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும் அல்லவா?